மத்தியானம் 9.2, விடியற்காலை 7.1: ஓடையில் யார் மருந்து கலக்கிறார்கள்?

கேள்வி: ஐயா, களக்காட்டுக்குக் கிழக்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஊர் ஓடை மலையிலிருந்து இறங்கி, வாழைத்தோட்டங்கள் வழியாக வந்து பச்சையாற்றில் சேருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மாதமாக நான்கு இடங்களில் தண்ணீரை அளந்து வருகிறோம். கையில் இருப்பது பேனா மாதிரியான டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு), பிஎச் (அமில-காரத் தன்மை) மீட்டர்கள், கரைந்த ஆக்சிஜன் பார்க்கச் சொட்டு மருந்துப் பெட்டி, ஒரு வெப்பமானி.

மலையடிவாரத்தில் டிடிஎஸ் 38, பிஎச் 6.4. ஊர்ப் பாலத்தடியில்தான் குழப்பம். காலை ஆறரைக்கு பிஎச் 7.1, ஆக்சிஜன் 2.8. அதே நாள் மத்தியானம் மூன்று மணிக்கு பிஎச் 9.2, ஆக்சிஜன் 12.4. மூன்று நாள் பார்த்தும் அப்படியே. ஒரு சாயங்காலம் சின்ன மழை பெய்தது; டிடிஎஸ் 690-க்கு ஏறி, மறுநாள் 150-க்கு இறங்கிவிட்டது.

பாலத்துக்கு மேலே நெல் அவிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சோடாவைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஆலையின் பெயரைப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்க மனுவும் எழுதியாயிற்று. எங்கள் அளவுகளை இணைக்கக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? மீட்டர் பழுதா? மலையடிவாரத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாமா? பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடச் சொல்கிறார் ஒருவர். போடலாமா?

பதில்: அன்புள்ள டீச்சர், மனுவை இந்தத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டாம். உங்கள் மீட்டர் பழுதில்லை, பிள்ளைகள் தப்பாக அளக்கவும் இல்லை. அளவுகள் சரி. ஊர் அதற்குச் சொல்கிற காரணம்தான் சரியில்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தில் பிஎச் எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். பாலத்தடியில் டிடிஎஸ் காலையில் 396, மத்தியானம் 404. இரண்டும் ஒன்றுதான், பேனா மீட்டரில் அந்த எட்டுக்கு அர்த்தமில்லை. சோடா என்பது உப்பு. ஓடுகிற ஓடையின் பிஎச்சை 7.1-இலிருந்து 9.2-க்கு ஏற்றுகிற அளவுக்கு யாராவது சோடாவோ காரமோ கொட்டியிருந்தால், டிடிஎஸ் சும்மா இருக்காது, அதுவும் கூடவே ஏறும். இங்கே பிஎச் மட்டும் தனியாக ஏறி, தனியாக இறங்குகிறது. அப்படியானால் தண்ணீருக்குள் ஒன்று சேரவில்லை, தண்ணீரிலிருந்து ஒன்று போயிருக்கிறது.

போனது கரியமில வாயு. எடுத்துக்கொண்டது பாசி.

ஒளிச்சேர்க்கை பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலையில் நடப்பதைப் பாடமாக நடத்துகிறோம்; தண்ணீருக்கடியில் நடக்கும்போது அதுவே பிஎச்சை மாற்றும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. தண்ணீரில் கரைந்த கரியமில வாயு ஒரு மெல்லிய அமிலம். வெயில் ஏற ஏறப் பாசி அதை இழுத்துக்கொள்கிறது, அமிலம் குறைகிறது, பிஎச் ஏறுகிறது. பதிலுக்குப் பாசி ஆக்சிஜனை விடுகிறது. பொழுது சாய்ந்ததும் கணக்கு தலைகீழாகும். வெளிச்சம் இல்லை, ஆனால் பாசி மூச்சு விடுகிறது. சேற்றில் கிடக்கும் அழுகலைத் தின்கிற கிருமிகளும் மூச்சு விடுகின்றன. இராத்திரி முழுக்க ஆக்சிஜன் செலவாகி, கரியமில வாயு சேர்ந்து, விடிகிற நேரத்தில் இரண்டு எண்களும் அடிமட்டத்துக்கு வந்துவிடும். நீங்கள் ஆறரைக்குப் பார்த்தது அந்த அடிமட்டத்தை, மூன்று மணிக்குப் பார்த்தது உச்சத்தை.

ஆக்சிஜன் எண் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறது. மூன்று மணிக்குத் தண்ணீர் 30 டிகிரி என்று குறித்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். உங்களுக்கு வந்தது 12.4, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். இவ்வளவு ஆக்சிஜனை நெல் ஆலைக் கழிவு எதுவும் கொடுக்காது. கழிவு ஆக்சிஜனைத் தின்னும். மூன்று மணிக்குக் குனிந்து பாசியைப் பாருங்கள். நூல்நூலாகக் கிடக்கும் பச்சையில் சின்னச்சின்னக் குமிழ் ஒட்டியிருக்கும். கையால் தட்டினால் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி மேலே வரும். 12.4 என்பது அதுதான்.

இன்னொன்று. நெல் ஊறவைத்த தண்ணீரை நீங்கள் மோந்து பார்த்திருப்பீர்கள். புளித்த வாடை வரும். ஊறல் தண்ணீர் நொதித்துப் புளிப்பாகத்தான் வெளியே வரும். அது ஓடையில் கலந்தால் பிஎச்சைக் கீழே இழுக்குமே தவிர மேலே ஏற்றாது. ஆலைக்காரர் மத்தியானம் ஊறல் தண்ணீரைத் திறந்துவிட்டாலும் அதனால் 9.2 வராது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கோடையில், ஒரு கால்வாயில் மத்தியானம் இரண்டு மணிக்கு மாதிரி எடுத்தேன். பிஎச் 9-ஐத் தாண்டியிருந்தது. மேலே நூலுக்குச் சாயம் போடுகிற சின்னப் பட்டறை ஒன்று. சாயத்துக்குச் சோடா சேர்ப்பார்கள் என்பது தெரியும். ஒரே ஓர் அளவை வைத்து, அந்தப் பட்டறையைச் சுட்டி அறிக்கை எழுதிவிட்டேன். நேரத்தைக்கூட எழுதவில்லை, தேதி மட்டும்தான். பட்டறை பல வாரம் மூடிக் கிடந்தது. பட்டறை மூடியிருந்த ஒரு மத்தியானம் அதே இடத்தில் திரும்ப அளந்தேன். அதே பிஎச். அந்தப் பட்டறைக் குடும்பம் இழந்த அத்தனை வாரக் கூலியை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து மணி எழுதாத அளவை நான் அளவாகவே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பிள்ளைகள் மணியை எழுதியிருக்கிறார்கள். நோட்டைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான், மனசுக்கு நிறைவாக இருந்தது.

நான் சொல்கிறேன் என்பதற்காக ஊர் நம்ப வேண்டாம், டீச்சர். பிள்ளைகளே செய்து காட்டட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒளி ஊடுருவுகிற பாட்டிலாக எடுங்கள். காலை எட்டு மணிக்குப் பாலத்தடியில் பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு பாசி, ஒரு பிடி போதும். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றுக்கு, சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். இரண்டையும் கயிற்றில் கட்டி ஓடையில் வெயில் படுகிற ஆழமில்லாத இடத்திலேயே போட்டுவையுங்கள், அப்போதுதான் இரண்டுக்கும் ஒரே சூடு இருக்கும். மூன்று மணிக்குத் திறந்து பிஎச் பாருங்கள். மூடிய பாட்டிலுக்குள் எந்த ஆலையின் கழிவும் நுழைய முடியாது. வெளிச்சம் பட்ட பாட்டில் 9-ஐத் தாண்டி, இருட்டு பாட்டில் 7-இலோ அதற்குக் கீழோ நின்றால், ஊரில் எந்த அண்ணாச்சி வந்து கேட்டாலும் இரண்டு பாட்டிலையும் அவர் கையில் கொடுத்துவிடலாம். ஆலை ஓடாத நாள் ஒன்றிலும், வானம் நன்றாக மூடாக்குப் போட்ட நாள் ஒன்றிலும் மத்தியான அளவை எடுத்துவையுங்கள். ஆலை ஓடாத நாளிலும் பிஎச் ஏறும். மூடாக்கு நாளில் அவ்வளவு ஏறாது.

சரி, அப்படியானால் ஓடையில் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. எல்லாரும் 9.2-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குக் கவலை தருவது 2.8. மக்கள் குளிக்கிற நீர்நிலையில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். உங்கள் ஓடையில் விடியற்காலையில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஆறரைக்கே 2.8 என்றால், ஐந்தரைக்கு இன்னும் கீழே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த நேரத்தில் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா என்று தூண்டில் போடுகிறவர்களிடம் கேளுங்கள். முன்பு மணலில் கிடைத்த அயிரை இப்போது கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். விராலும் தேளியும் மட்டும் தப்பிக் கிடந்தால் அதற்கும் காரணம் உண்டு, அவை மேலே வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கும்.

பாசிக்குத் தீனி போடுவது யார் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லாமல் பாசி இப்படி வளராது. பாலத்தடிக்கு முன்னால் ஊர்ச் சாக்கடை ஓடுகிற வாறுகால் எங்கே சேருகிறது? கழிவறைத் தொட்டிகளின் கசிவு எதில் போகிறது? துணி துவைக்கிற படித்துறை எது? வாழைக்கு யூரியா வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் வடிகால் எந்தப் பக்கம் வடிகிறது? இது மாசிக் கடைசி, பிசான அறுவடை முடிகிற நேரம். மேலே தண்ணீர் குறைந்து ஓடை நூலாக ஓடும்போது அதே கழிவு கெட்டியாகத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் புரண்டு ஓடும்போது இந்த 9.2-ஐ நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். நிழலும் முக்கியம். கரையில் மருதமரம் நிற்கிற இடத்தில் பாசி எப்படி இருக்கிறது, மரம் வெட்டிய இடத்தில் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளை நடக்கச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் ஆலையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டாம். ஊறல் தண்ணீர் ஓடையில் விழுந்தால் அதிலிருக்கிற மாவுச்சத்தைத் தின்ன கிருமிகள் ஆக்சிஜனை ஏகத்துக்கும் செலவழிக்கும். மத்தியான பிஎச்சுக்கு அவர்மேல் பழி போட முடியாது, விடியற்கால ஆக்சிஜனில் அவருக்குப் பங்கு இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, அவர் வாய்க்கால் சேருகிற இடத்துக்கு மேலேயும், தண்ணீர் கலந்து கொஞ்ச தூரம் ஓடிய பிறகு கீழேயும் விடியுமுன் அளப்பது. வாறுகால் சேருகிற இடத்துக்கும் அதே மாதிரி. மேலே 5, கீழே 3 என்று வந்தால் அந்த இடைவெளி பேசும்.

மத்தியானத்தை முழுக்க நல்ல நேரம் என்றும் சொல்லிவிட முடியாது. வாறுகால் கலக்கிற தண்ணீரில் அம்மோனியா இருக்கும். பிஎச் 7.1-இல் அதில் மீனைக் கொல்லுகிற வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதே தண்ணீர் 30 டிகிரியில் பிஎச் 9.2-க்குப் போனால் பாதிக்கு மேல் அந்த வடிவத்துக்கு மாறிவிடும். காலையில் மூச்சு முட்டல், மத்தியானம் நஞ்சு என்று மீனுக்கு இரண்டு பக்கமும் அடி. அதனால் பாலத்தடி மாதிரியில் அம்மோனியாவும் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி கொடுக்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம். எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைப் பாட்டில்மேலேயே எழுதிக் கொடுங்கள்.

மழையன்று ஏறிய 690 புதிர் இல்லை. பல வாரம் மழையில்லாமல் கரையில் பூத்த உப்பு, வாறுகாலில் தேங்கிய சாக்கடை, வயலில் மிச்சமிருந்த உரம் எல்லாவற்றையும் முதல் மழை ஒரே கழுவாகக் கழுவிக் கொண்டுவரும். அதன் பின்னால் வருகிற மலைத்தண்ணீர் எல்லாவற்றையும் நீர்க்கச் செய்யும், அதுதான் மறுநாள் 150. மழை தொடங்கிவிட்டால் ஓடையில் யாரும் குளிக்க வேண்டாம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

மலையடிவாரத்து 38, 6.4 இரண்டும் அந்த இடத்துக்கு இயல்பானவை. களக்காட்டு மலை கெட்டிப் பாறை. தண்ணீர் அதன்மேல் ஓடிவரும்போது கரைந்து வருவது ரொம்பக் குறைவு. அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு போட்டால் நுரை போகாது. உங்கள் ஊர்க் கிணற்றில் இரண்டும் நேர்மாறு. உப்பு இல்லாத தண்ணீருக்குப் பிஎச்சைப் பிடித்துநிறுத்தும் பலமும் இல்லை. மழைநீரே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 பக்கம்தான் இருக்கும். அதோடு இவ்வளவு மென்மையான தண்ணீரில் பேனா மீட்டர் நிலைக்கு வர நேரம் பிடிக்கும். குவளையில் எடுத்து, முனையை முக்கி, ஆட்டாமல் ஐந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். 6.4 என்று எழுதியது 6.8-ஆக மாறக்கூடும். மீட்டரை வாரம் ஒருமுறை 7-க்கும் 9.2-க்கும் உள்ள பிஎச் மாத்திரைக் கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முனையைக் காயவிடாதீர்கள், வாலைவடிநீரில் ஊறப்போடவும் கூடாது, அதற்கென்று விற்கிற பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

அதைக் குடிக்கலாமா என்று கேட்டீர்கள். காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது மின்சாரத்தைக் கடத்துகிற உப்புகளை மட்டும். கிருமி அதற்குத் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது, எண்ணெய் தெரியாது. மேலே காட்டுப்பன்றி புரண்ட குட்டையிலிருந்து வந்தாலும் அது 38 என்றுதான் காட்டும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. மலக்கிருமி இருந்தால் கறுத்துக் காட்டுகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பி வாங்கி மலையடிவாரத் தண்ணீரை ஊற்றி, இரண்டு நாள் அலமாரியில் வையுங்கள். கறுத்துப்போனால் அதற்குமேல் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கிற செம்பு, மீனையும் கொல்லும். பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் இருக்கிற 2.8-ம் போய்விடும். பாசியைக் கையால் அள்ளுவதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, கரையிலேயே போட்டுவிடாமல் தோட்டத்துக்கு உரமாகக் கொண்டுபோங்கள். கரையில் அழுகினால் அடுத்த மழையில் அதே சத்து ஓடைக்கே திரும்பிவரும்.

ஆக்சிஜன் அளப்பதில் ஒரு சின்னத் திருத்தம். வாளியில் மொண்டு, வாளியிலிருந்து குப்பியில் ஊற்றுகிறீர்கள் என்று படத்தில் தெரிகிறது. ஊற்றும்போது காற்று கலந்து, காலை அளவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். மத்தியானத்தில் நேர்மாறாக, இருக்கிற ஆக்சிஜன் தப்பிப் போகும். குப்பியையே தண்ணீருக்குள் சாய்த்து முக்கி, உள்ளேயே மூடுங்கள். பெட்டியிலுள்ள முதல் இரண்டு மருந்துகளையும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்க்கக் கூடாது, ஓடைக்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது மருந்து விழுந்ததும் மத்தியானக் குப்பியில் மரப்பட்டை மாதிரிக் கெட்டியான பழுப்பு படியும். விடியற்காலைக் குப்பியில் அது வெளிறி இருக்கும். ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். சொட்டு எண்ணுவதற்கு முன்பே இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மனுவுக்கு வருகிறேன். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதற்குள் இரண்டு நாள் ஒதுக்கி, ஆலை ஓடுகிற ஒரு நாளும் ஓடாத ஒரு நாளும், விடியுமுன், காலை ஒன்பது, மத்தியானம் மூன்று, இரவு எட்டு என்று நான்கு வேளை அளவு எடுங்கள். இருட்டு நேர அளவுகளுக்குப் பிள்ளைகள் வேண்டாம், நீங்களும் இன்னொரு பெரியவரும் போங்கள். ஆலைக்காரரையும் ஒருநாள் கூப்பிட்டு வைத்து அளந்தால் நல்லது. பின்னால் அவர் மறுக்க வேண்டியிருக்காது, உங்களுக்கும் ஊரில் பகை வராது. வாறுகாலில்தான் குற்றம் என்று வந்தால் அது கிராம சபையில் தீர்மானமாகப் போக வேண்டியது. ஆலை வாய்க்காலுக்குக் கீழே ஆக்சிஜன் விழுந்தால், அந்த அளவுகளோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் மனு போகட்டும். அப்போது அந்த மனுவை யாரும் ஒதுக்கிவைக்க முடியாது.

பாட்டில் பரிசோதனையின் எண்கள் வந்ததும், மனுவின் புது வரைவோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எந்த வரிக்கு எந்த அளவு சாட்சியாக நிற்கும் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.